மூதூர்க் கரையில் ஒரு கேள்வி

"இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?"

கடன் முற்றிக் கடையை மூடிவிட்ட நண்பர், இன்று மாலை மூதூர்க் கரையில் கேட்டார்.

ஆறுதல் சொல்லத் தெரியாதவன் சரித்திரம் பேசுவான், நானும் பேசினேன்.

புயலில் பாய்மரம் இழந்து இதே கொட்டியாரக் குடாவை அடைந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலிலிருந்து, 1660இல், கப்பல் தலைவரான தந்தையோடு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ரொபர்ட் நொக்ஸ் என்னும் வாலிபன், மறு ஆண்டே அத்தந்தையை அடக்கம் செய்துவிட்டு, தொப்பி பின்னி விற்று ஜீவனம் நடத்தி, அப்படிப் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்தே ஒரு முதியவரிடமிருந்து ஆங்கில வேதாகமம் ஒன்றைப் பெற்றான்.

திறந்ததும் கண்ணில் பட்டது, சிறைச்சாலைக்காரன் பவுலிடம் இரட்சிப்புக்கு வழி கேட்கும் இடம்!

1679இல் தப்பினான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அருமையான பிரசங்கம். எனக்கு நிறுத்தத் தெரிந்தால்தானே!

பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசத்தின் கசப்பை அறிந்த அதே மனிதன், பின்னாளில் தானே கப்பல் தலைவனாகி, அடிமைகளை வாங்க மடகாஸ்கருக்குப் போனான் என்பதையும் சொன்னேன். அவன் பாவத்தின் முன் இந்தக் கடன் எம்மாத்திரம்? மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கே கரையில் மீன் சுட்டுவைத்துக் காத்திருந்தவர், கடன் பத்திரத்தைப் பார்த்தா முகந்திருப்பிக்கொள்வார்?

"உம்முடைய பிரசங்கத்தைவிட அந்த மீன் மேல்," என்றார் நண்பர்.

ஞாயிறு பூசைக்கு வருகிறாராம்.

உங்களில் யாரேனும் இப்படித் தயங்கி நின்றதுண்டா? யார் கைபிடித்து அழைத்துப் போனார்கள்?