கதவு கழற்றிய விமானத்தில்

ஆகாய விமானத்திற்குக் கதவு என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த உறுப்பு. 1903-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ஆம் தேதி ஆர்வில் ரைட் என்பார் முதன்முறை பறந்தபொழுது அவருக்கு இருக்கையுமில்லை. கீழ்ச்சிறகின்மேற் குப்புறப் படுத்தவாறே பறந்தார். அதன் பின்னரும் பல்லாண்டுகள் விமானியானவன் முகத்திலும் மார்பிலும் காற்று மோதவே வீற்றிருந்தான். அறையும் கூரையும் கண்ணாடிச் சாளரமும் அமைந்தபின் வானப் பிரயாணம் சுகமாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்காலத்திற் பெரிய விமானமேறிக் கடல் கடந்து வருவோரைப் பறந்த அனுபவம் எத்தகையது என வினவினால், உணவைப் பற்றியும் உறக்கமின்மையைப் பற்றியுமே விடை கிடைக்கும். நாமும் அங்ஙனமே விடை கூறி வந்தவர்களுள் ஒருவர்தாம், சென்ற ஆண்டு ஜூலை மாதம் வரையில்.

நம்முடன் இக்கல்லூரியிற் பயின்று, விடுதியில் ஓரறையில் மூன்றாண்டு வாழ்ந்த நண்பர் ஒருவர், நாற்பதாண்டுகளுக்கு முன் அமெரிக்கா சென்று பென்ஸில்வேனியா மாகாணத்தில் நிலைத்துவிட்டார். எழுபதைக் கடந்தவர்; மனைவியை இழந்தவர். வேலையினின்றும் ஓய்வு பெற்றபின் விமானமோட்டக் கற்றுக்கொண்டார். இரண்டு ஆசனங்களேயுடைய சிறு விமானம் ஒன்றில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு. கோடையில் அதன் இரு கதவுகளையும் கழற்றி வைத்துவிட்டுப் பறப்பதென்பது அவருக்குப் பெருவிருப்பம். நம்மை அதில் ஏற்றிச் செல்லவேண்டுமென்று ஆறாண்டுகளாகக் கடிதமெழுதி வந்தார். நாமும் ஆறாண்டுகளாக வேறு பொருள்களைப் பற்றியே விடையெழுதி வந்தோம்.

இவ்வகை விமானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுதல் அவசியம். 2004-ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கத்தார் இலேசான விளையாட்டு விமானம் என்றொரு வகுப்பை ஏற்படுத்தினர். தரையினின்றும் எழும் விமானமாயின் ஆட்களும் எண்ணெயும் உட்பட நிறை 1,320 இராத்தலுக்கு, அதாவது 600 கிலோகிராமுக்கு, மிகுதல் கூடாது. யந்திரம் ஒன்று, ஆசனம் இரண்டு. சமநிலையிற் பறக்கும் வேகம் மணிக்கு 120 கடல் மைலுக்கு மேற்படலாகாது என்பன அன்று விதித்த வரம்புகள். 2025-ஆம் வருஷத்தில் இவ்வரம்புகளைப் பெரிதும் விரித்துவிட்டனர். இவற்றை ஓட்ட விரும்புவோர் குறைந்தது 20 மணி நேரம் பயிற்சி பெற்றாற் போதும். மருத்துவப் பரீட்சைச் சீட்டும் வேண்டுவதில்லை. முன்னர் அதற்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவராய் இல்லாதிருப்பின், மோட்டார் வண்டி ஓட்டும் உரிமைச்சீட்டே போதுமானது. ஆனால் அதனுடன் ஒரு கடமையும் பிணைந்துள்ளது. பறக்கப் புகும் ஒவ்வொரு முறையும், தன் உடல் அதற்குத் தகுதியுடையதா என்று விமானி தானே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். நோயாளியும் தானே, வைத்தியனும் தானே. இஃது எவ்வளவு கடினமான வேலை என்பதை நாம் அங்கே கண்டோம்.

நண்பர் நம்மை அழைத்துச் சென்ற ஊர் லாக் ஹேவன். ஸஸ்குவஹானா நதியின் மேற்குக் கிளையை அடுத்த சிற்றூர் அது. விமான நிலையமும் ஆற்றோரத்திலேயே உளது. 1937-ஆம் வருஷம் பிராட்போர்டு நகரில் தம் தொழிற்சாலை எரிந்துபோகவே, வில்லியம் பைப்பர் என்பார் தொழிலை இவ்வூருக்குக் கொணர்ந்தார். 1938 முதல் 1947 வரை இங்கே கட்டப்பெற்ற ‘கப்’ என்னும் சிறு விமானங்கள் இருபதினாயிரத்திற்குச் சற்றுக் குறைவு. மஞ்சள் வர்ணமும், பக்கத்திற் கரிய மின்னற்கோடும் அவற்றின் அடையாளம். 65 குதிரைச் சக்தியே அவற்றுட் பெரும்பாலானவற்றின் யந்திரத்திற்கு. இரண்டாம் உலக யுத்தத்திற்குச் சற்று முன்னர், அமெரிக்கக் கல்லூரி மாணவர்க்கு அரசாங்கச் செலவில் விமானப் பயிற்சியளித்தபொழுது அவர்களுட் பெருந்தொகையினர் இதிலேயே கற்றனர். பரீட்சைக்கும் வருகைப் பதிவுக்கும் அஞ்சியே மூன்றாண்டைக் கழித்த நமக்கு, பௌதிக வகுப்பை விட்டெழுந்து நேரே வானத்திற்குச் சென்ற அம்மாணவர்மீது சிறிது பொறாமையும் உண்டாயிற்று. ‘கப்’ விமானத்தின் வலப்புறக் கதவு குறுக்கே இரு பாதியாய்ப் பிளவுபட்டது; மேற்பாதியை உயர்த்திச் சிறகினடியில் மாட்டிவிட்டு, கீழ்ப்பாதியைத் தொங்கவிட்டுக்கொண்டு பறப்பர். தொழிற்சாலை 1984-ஆம் வருஷம் மூடப்பட்டது. இன்று பழைய கட்டடமொன்றில் காட்சிசாலை இருக்கின்றது.

முதல் நாட் காலை வானம் கழுவித் துடைத்தாற்போலிருந்தது. காற்றசையவில்லை. நண்பர் விமானக் கொட்டகையில் ஒரு பலகையின்மேல் அமர்ந்து சிறு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். நோய் உண்டா, மருந்து உட்கொண்டதுண்டா, மனக்கவலை உண்டா, மது அருந்தியதுண்டா, களைப்பு உண்டா, உணர்ச்சி மேலிட்டிருக்கின்றதா என்னும் ஆறு வினாக்களையும் விமானிகளுக்குக் கற்பிப்பதுண்டாம். அவர் ஐந்தாவதையும் ஆறாவதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்ப் புத்தகத்தை மூடி, “இன்று வேண்டாம். இராத்திரி மூன்று மணி நேரந்தான் தூங்கினேன். இன்று அவள் போன நாள்,” என்றார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. ஆறாண்டு தயங்கிப் பன்னீராயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தவர்க்கு, அப்படியொரு வானத்தைப் பார்த்துக்கொண்டு கீழே நிற்பது எளிதன்று. அவருக்கோ அஃது இன்னும் கடினமாயிருந்திருக்கும். சட்டம் அவரைத் தடுக்கவில்லை; பரீட்சித்துப் பார்ப்பார் எவருமிலர்; மூன்று மணி நேரத்தை ஆறென்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? அப்பகல் முழுவதும் விடுதிக் காலத்துக் கதைகளைப் பேசிக் கழித்தோம். கதவில்லா விமானத்தில் இவர் பக்கத்தில் அமரலாமா என்று நம் மனத்தில் ஆறாண்டு கிடந்த கேள்விக்கு விடை, விமானம் தரையை விட்டு எழாத அந்நாளிலேயே கிடைத்துவிட்டது.

மறுநாள் நன்றாய் உறங்கியெழுந்து வந்தார். கதவைக் கழற்றும் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. கீலினுள் நுழைந்த ஆணியை உருவி, கதவை இருவர் தாங்கியெடுத்து, கம்பளத்தின்மேற் சார்த்திவைத்து, ஆணிகளை எண்ணி ஒரு டப்பியிலிட்டோம். எல்லா விமானத்திலும் இங்ஙனஞ் செய்தலாகாது. கதவு நீங்கினால் விமானத்தின் உடலைச் சுற்றிச் செல்லும் காற்றின் போக்கு மாறும், தடை மிகும், மேலேறும் வேகம் சிறிது குறையும், கலங்கிய காற்று வாலிற் சென்று தாக்கவுங்கூடும். ஆதலின் விமானத்தின் கைந்நூலில் அநுமதியிருந்தாலன்றிக் கழற்றலாகாது. அநுமதிக்குமிடத்தும், கதவின்றிச் செல்லக்கூடிய வேகத்திற்குத் தனியே ஒரு வரம்பு இருப்பதுண்டு.

அடுத்து நம்மைச் சோதித்தார். சட்டைப்பையிலிருந்த பேனா, சில்லறை, கைக்குட்டை, தொப்பி, மூக்குக்கண்ணாடி உறை யாவும் வெளிவந்தன. கதவில்லா அறையினின்றும் காற்றிற் பறக்கும் பொருள் நேரே பின்சென்று வாற்சிறகில் மோதும். ஒரு சிறு பேனா என்ன செய்துவிடும் என்றோம். பதில் கூறாது அதையும் வாங்கிக் கொட்டகையில் வைத்தார். இடுப்பு வாரைப் பூட்டியபின் அதன் மிஞ்சிய நுனியையும் மடித்துச் செருகினார். தொங்கவிட்டால் அஃது உடற்சுவரில் ஓயாது அறைந்துகொண்டே வருமாம்.

இடுப்பு வாரென்பது இன்று நமக்கு அற்பப் பொருள். அமெரிக்க மாதருள் முதன்முதல் விமானி உரிமை பெற்றவரும், ஆங்கிலக் கால்வாயை விமானத்திற் கடந்த முதற் பெண்மணியுமான ஹாரியட் க்விம்பி, 1912-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி பாஸ்டன் நகரத்தருகே பறந்துகொண்டிருந்தார். விமானம் திடீரெனத் தலைகுனிந்தது. உடன் சென்றவர் முதலிலும் அவர் பின்னருமாக இருவரும் வெளியே எறியப்பட்டு மாண்டனர். இருவரும் வார் கட்டியிருக்கவில்லை. ஆளற்ற விமானமோ தானே சறுக்கியிறங்கிச் சேற்றில் அமர்ந்தது. இதற்கு மறுதலையானதும் நிகழ்ந்ததுண்டு. 2018-ஆம் வருஷம் மார்ச் மாதம் 11-ஆம் தேதி, நியூயார்க்கில் கதவு திறந்த ஹெலிகாப்டர் ஒன்று கிழக்காற்றில் இறங்கிக் கவிழ்ந்தது. பிரயாணிகள் விழாதிருக்கும்பொருட்டு முதுகுப்புறம் மேலதிகமாக ஒரு கச்சுக்கயிறு பிணைத்திருந்தனர். அக்கயிற்றின் நுனியே தரையிலிருந்த எண்ணெயடைக்கும் பிடியிற் சிக்கி யந்திரத்தை நிறுத்தியது என்று விசாரணையில் வெளியாயிற்று. நீரினுள் அக்கச்சை அவிழ்க்கவியலாமையால் பிரயாணிகள் ஐவரும் மூழ்கி இறந்தனர். விமானி மட்டும் தப்பினார். ஆகவே, நண்பர் நம்மிடம் வாரை அவிழ்க்கும் முறையை மும்முறை செய்து காட்டச் சொன்னார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு செய்தோம்.

ஓடுபாதையினின்றும் எழுந்தவுடன் ஆறு நம் வலப்பாதத்தின் கீழே வந்தது. கண்ணாடியின் வழியே காணும் ஆறு ஒரு படம், இஃது ஆறு. தண்ணீரின் குளிர்ச்சியும், சிறிது பாசி நாற்றமும் மேலே வந்தன. முகத்திற் பெருங்காற்று அறையுமென்றே எதிர்பார்த்திருந்தோம். முன்கண்ணாடி காத்துக்கொண்டமையால் உள்ளே கலகலவென்று ஒரு சுழற்காற்று மாத்திரமே இருந்தது. கையைச் சற்று நீட்டிப் பார்க்கச் சொன்னார். மணிக்கு 70 மைல் வேகத்தில் ஒரு சதுர அடிப் பரப்பின்மேல் ஏறக்குறைய 12 இராத்தல் அழுத்தம் உண்டாகும்; வேகம் பாதியானால் அது காற்பங்காய்க் குறையும். நம் உள்ளங்கை அவ்வளவு பெரிதன்றாயினும், யாரோ ஒருவர் கைகுலுக்கி விடமாட்டேனென்று பின்னே இழுப்பது போலிருந்தது. ஆயிரத்தைந்நூறு அடி உயர்ந்தபொழுது சட்டைக்குள் குளிர் புகுந்தது. உயரம் ஆயிரமடி கூடும்தோறும் வெப்பம் சுமார் 2 டிகிரி ஸெண்டிகிரேடு குறையுமென்று நாம் எத்தனையோ முறை வகுப்பிற் படித்ததுண்டு. அந்தக் கணக்கு இப்பொழுது முழங்கையிற் பட்டது.

தெற்கே பால்ட் ஈகிள் மலைத்தொடரைக் கடந்து சுகர் பள்ளத்தாக்கு என்னுமிடம் சென்றோம். அங்கே ஆமிஷ் என்னும் வகுப்பினர் யந்திரக்கலப்பையை விலக்கிக் குதிரைகளைக் கொண்டே வயலுழுகின்றனர். வைக்கோல் வாசனை அவ்வுயரத்திலும் எட்டியது. அதை நுகர்ந்தவுடன் நம் ஊர்க் களம் ஒருகணம் நினைவில் வந்துபோயிற்று. நண்பரைப் பார்த்தோம், அவரும் மூக்கைச் சுளித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இப்பொழுது உன் பக்கம் திருப்பப் போகிறேன்,” என்று செவிக்கருவியிற் குரல் வந்தது. வலச்சிறகு தாழ்ந்தது. கதவிருந்த இடத்தில் வயல் வந்து நின்றது. நமக்கும் அவ்வயலுக்கும் இடையே ஓர் அங்குல அகல வாரைத் தவிர வேறொன்றுமில்லை. விழவேண்டுமென்றே உடல் எதிர்பார்த்தது. விழவில்லை; அதுமட்டுமோ, ஆசனத்தில் முன்னினும் அழுத்தமாய் அமர்ந்திருந்தோம். காரணம் பௌதிக சாஸ்திரத்திற் பழையதே. செவ்வையாகத் திருப்பப்பட்ட விமானத்தில், நாம் உணரும் பாரம் பூமியை நோக்கிச் செல்லாமல் அறையின் தரையை நோக்கியே செல்லும். 30 பாகை சாய்வில் நம் பாரம் ஏறக்குறைய 1.15 மடங்காகும். 60 பாகையில் இரட்டிக்கும். முன்பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாயினுள் ஒரு கரிய குண்டு உண்டு. சிறகு இத்தனை சாய்ந்திருந்தும் அக்குண்டு நட்டநடுவிலேயே நின்றது. “குண்டைப் பாராதே, கன்னத்தைக் கேள்,” என்றார். பிறகு சுக்கானைச் சற்றே பிழையாய் மிதித்தார். உடனே ஒரு பக்கக் கன்னத்திற் காற்று வந்து அறைந்தது, குண்டும் விலகிற்று. மூடிய விமானத்திற் கருவியைப் பார்த்தறிவதைப் பழைய விமானிகள் கன்னத்தாலேயே அறிந்தனர் போலும்.

அஞ்சவில்லை என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார். ஆயினும் மாடியின் விளிம்பில் நிற்கும்போது வரும் தலைச்சுற்றல் அங்கே வரவில்லை. சுவரொன்று நம் காலடியினின்றும் தரைவரை இறங்குவதைக் கண்டாலன்றோ அந்த ஆழம் கண்ணுக்குத் தெரியும்? விமானத்திற்கும் நிலத்திற்கும் அத்தகைய தொடர்பொன்றும் இல்லை.

ஐம்பது நிமிஷங் கழித்துத் தரையிறங்கினோம். யந்திரம் நின்றபின் அவர் உடனே எழவில்லை. இவ்வாண்டோடு தனியே விமானியாக அமர்வதை நிறுத்திக்கொள்ளப் போவதாகவும், அடுத்த ஆண்டு முதல் பக்கத்தில் வேறொரு விமானி இருந்தாலன்றிப் பறப்பதில்லையெனத் தீர்மானித்திருப்பதாகவும் சொன்னார். வைத்தியர் சொன்னாரா என்று கேட்டோம். “இல்லை. ஐந்தாவது கேள்விக்கு ‘உண்டு’ என்று எழுதும் நாட்கள் கூடிவருகின்றன. முன்பு மாதத்திற்கொன்று, இந்த வசந்தத்தில் வாரத்திற்கொன்று,” என்றார். குறிப்புப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அவ்வாறே இருந்தது. வேறு சமாதானம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

பின்னர் விமானிகள் தாம் பறந்த நேரத்தைப் பதியும் பெரிய புத்தகத்தை எடுத்தார். தேதி, விமானத்தின் எண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம் யாவும் ஆங்கிலத்தில் எழுதி, நேரம் என்னுமிடத்தில் 0.8 என்று குறித்தார். குறிப்பு என்னும் கடைசிக் கட்டத்தில், கதவில்லை என்பதைப் பதிந்துவிட்டு, பேனாவை ஒருகணம் நிறுத்தி, நம் பெயரைத் தமிழில் எழுதினார். நாற்பதாண்டாகத் தமிழெழுதிப் பழகாத கை. றகரத்திற்கு ரகரம் போட்டிருந்தார். திருத்தவேண்டாமென்று விட்டுவிட்டோம்.