கணக்குக் கொப்பி

போன மாதம் வீடு மாறும்போது நிலவறைப் பெட்டி ஒன்றுக்குள் இருந்து நீல மட்டைக் கொப்பி ஒன்று அகப்பட்டது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து. 1996 ஒக்ரோபர். மண்டப வாடகை 40 டொலர். தேயிலை, பால், சீனி 6 டொலர் 35 சதம். காணிக்கை 31 டொலர். மிச்சத்தை என் பொக்கற்றில் இருந்து போட்டிருக்கிறேன். எங்கள் சபையின் முதல் ஞாயிறே நட்டத்தில்தான் தொடங்கியது.

புவாண்ட்-கிளேரைத் தெரியாதவர்களுக்கு: மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம், சென் லூயி ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற ஊர். முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய கல் காற்றாலை ஒன்று நிற்கிறது, பக்கத்தில் சென் ஜோக்கிம் தேவாலயம். ஆங்கிலம் பேசுகிறவர்களின் இடம். எங்கட சனம் அப்போது இருந்தது கோட்-டி-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும். பிறகேன் அங்கே போனீர்கள் என்று கேட்பீர்கள். நாற்பது டொலர்தான் காரணம். நகரத்துக்குள் அந்தக் காசுக்கு ஒரு வகுப்பறைகூடக் கிடைக்காது. கனடா ஐக்கிய திருச்சபையைச் சேர்ந்த ஒரு சின்னச் சபை தன் மண்டபத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு எங்களுக்குத் தந்தது. அவர்களுடையது 1925 இல் பல சபைகள் ஒன்றாகி உண்டானது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 இல் அப்படியே உண்டானது. அதனால் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனை: சமைக்கக் கூடாது, சூடாக்கலாம்.

நான் போதகர் அல்ல. அப்பா ஊரில் சபை மூப்பராக இருந்தார், அவ்வளவுதான் என் தகுதி. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஐந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடியபோது, ஞாயிறு ஓய்வு கிடைக்கிற ஆள் நான் ஒருவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற போதகர் ஐயா ஒருவர் ரொறன்ரோவில் இருந்து மாதத்துக்கு ஒருதரம் பஸ்ஸில் வந்து திருவிருந்து தருவார். ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ரிக்கற் காசைத் தவிர எதையும் வாங்கமாட்டார்.

சபை வளர்ந்தது பிரசங்கத்தால் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கொப்பி வேறு கதை சொல்கிறது. அடிக்கடி வருகிற செலவு பெற்றோல். கார் வைத்திருந்த இரண்டு பேர் மெற்றோவின் கடைசி நிலையமான கோட்-வெர்ட்யூவுக்குப் போய் ஆட்களை ஏற்றி வருவார்கள். ஒரு காரில் ஏழு பேர் (பொலிஸ்காரர் இதை வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன்). ஆராதனை முடிந்தால் தேத்தண்ணியோடு கடிதங்கள் வெளியே வரும். குடிவரவுக் கடிதம், வீட்டுக்காரனின் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், எல்லாம் பிரெஞ்சில். எங்களில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தது ஒரு பிள்ளைக்கு. பதின்மூன்று வயது. அவளைச் சுற்றி வரிசை நிற்கும். கோயிலுக்குப் போகிற சைவ ஆட்களும் கடிதத்தோடு வந்தார்கள். சிலர் பாட்டு முடியும்வரை வெளியே நிற்பார்கள், சிலர் உள்ளே இருப்பார்கள். இவர்களையும் "சபைக்கு வந்தோர்" என்று எண்ணி எழுதியிருக்கிறேன். இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது. கடிதம் வாசிக்க வந்தவனைத் தலை எண்ணிக்கையில் சேர்ப்பது நேர்மையில்லை.

1998 ஜனவரியில் உறைமழை வந்தது. மொன்றியலில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கம்பிகளில் பனிக்கட்டி ஏறி, கோபுரங்கள் சரிந்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. காஸ் அடுப்பு இருந்த ஒரு வீட்டில் ஐந்து குடும்பங்கள் படுத்தோம். மெழுகுதிரி, பருப்பு, சோறு. அந்த ஞாயிறு ஆராதனை அந்தக் குசினியில்தான். யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக விளக்கில் படித்தவர்களுக்கு இது பெரிய விடயமில்லை என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு குடும்பங்கள் பதினெட்டாகின.

ஆட்கள் கூடியதும் சொந்தக் கட்டடம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஒரு அண்ணை எப்போதும் சென் ஜோசப் ஒறற்றோறியைக் காட்டுவார். அந்திரே சகோதரர் பள்ளிக்கூட வாசல் காவலாளி. மாணவருக்கு ஐந்து சதத்துக்கு முடிவெட்டிச் சேர்த்த காசோடு 1904 இல் சின்னச் சிற்றாலயம் ஒன்றைக் கட்டினார். பெரிய ஆலயம் 1931 இல் காசில்லாமல் நின்றபோது, கூரையில்லாத சுவர்களுக்குள் யோசேப்பின் சிலையை வையுங்கள், அவருக்குக் கூரை வேண்டுமென்றால் அவரே பார்ப்பார் என்றாராம். வேலை முடிந்தது 1967 இல்.

"அவருக்கு யோசேப்பு இருந்தவர், எங்களுக்கு வங்கி எல்லோ இருக்கு" என்று நான் சொன்னேன்.

என் மனதில் இருந்தது வேறு கதை. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தபோது புதுக் கோயில் கட்டவில்லை. போர்த்துக்கேயர் காலத்துப் பாழடைந்த கோயில்களுக்குத்தான் கூரை போட்டார்கள். 1820 இல் அச்சு வேலைக்காக வந்த காரெட் என்பவரைத் தேசாதிபதி பார்ன்ஸ் இருக்கவிடவில்லை. 1833 வரை அமெரிக்காவில் இருந்து புது ஆள் வரத் தடை. பதின்மூன்று வருடம். அந்த வருடங்களில்தான் பள்ளிக்கூடங்கள் பெருகின, வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியது, உள்ளூர்ப் பிள்ளைகள் படித்து ஆசிரியர்களாகவும் உபதேசிமாராகவும் வந்தார்கள். எங்களுக்கும் மற்றவன் கட்டிய கூரை போதும் என்றுதான் வாதாடினேன். வாக்கெடுப்பில் தோற்றேன். கட்டட நிதி தொடங்கியது, காசாளர் நானே. சபை தர்ம நிறுவனமாகப் பதிவானது, கொடுத்தவர்களுக்கு வரிப் பற்றுச்சீட்டும் எழுதினேன்.

இனி வருவது நான் இதுவரை எங்கும் எழுதாதது.

1998 நவம்பரில் ஒரு தங்கச்சி ஆராதனை முடிந்து என்னிடம் வந்தா. அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். புருசனும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில். நிரந்தர வதிவிடத்துக்கு 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1995 இல் கொண்டுவந்த கட்டணம் வளர்ந்த ஆள் ஒருவருக்கு 975 டொலர், அதற்கு மேல் விண்ணப்பக் காசு. எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல். கடனுக்குக் கேட்டுக் கிடைக்கவில்லை. அவவுக்கு இருந்தது பதினொரு நாள்.

"அண்ணை, இனி ஆரிட்டைப் போறது?"

கட்டட நிதியில் 11,400 டொலர் கிடந்தது. குழுவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி இருந்து அவவின் பெயரை உருட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. 3000 டொலருக்குக் காசோலை எழுதினேன். கொப்பியில் "தற்காலிகம்" என்று மட்டும் எழுதினேன், பெயர் இல்லை.

பெப்ரவரிப் பொதுக்கூட்டத்தில் வங்கிக் கூற்றும் கொப்பியும் ஒத்துவரவில்லை. ஒறற்றோறிக் கதை சொல்லுகிற அதே அண்ணைதான் எழும்பினார். சத்தம் போடவில்லை.

"தம்பி, நான் இரவு வேலை செய்து போட்ட காசு. ஆருக்குக் குடுத்தனீ?"

நான் சொல்லவில்லை. அவ பின்வரிசையில் இருந்தா. அடுத்த கிழமையே சீட்டைக் கழித்து எடுத்து மூவாயிரத்தையும் நிதிக்குக் கட்டினேன். அது போதவில்லை. பற்றுச்சீட்டுக் கொடுத்து வாங்கிய காசை ஒருவன் தன் விருப்பத்துக்குக் கொடுத்தால் அது களவு என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது பிழையில்லை. ஒன்பது குடும்பங்கள் பிரிந்து பார்க் எக்ஸ்ரென்சனில் வேறு சபை தொடங்கினார்கள். பிரெஞ்சு வாசிக்கிற பிள்ளையும் அந்தப் பக்கம் போய்விட்டாள். கட்டடக் கதை அத்தோடு சரி. 2000 இல் அகதிகளுக்கு அந்த 975 டொலர் கட்டணத்தை அரசாங்கமே எடுத்துவிட்டது!

அந்தத் தங்கச்சி மாதம் 50 டொலராக எனக்குத் தந்து 2004 இல் முடித்தா. ஒரு மாதமும் தவறவில்லை. புருசனும் பிள்ளைகளும் வந்துசேர்ந்தார்கள். கேட்காமல் கொடுத்தது பிழை என்று எத்தனையோ தரம் எனக்கே சொல்லியிருக்கிறேன். ஆனால் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்ற கேள்வி வரும்போது அந்த வசனம் பாதியில் நின்றுவிடும்.

நாங்கள் இன்னும் வாடகை மண்டபத்தில்தான். தமிழில் பாட்டு, ஆங்கிலத்தில் பிரசங்கம். பிரசங்கிக்கிறது இங்கே பிறந்த பெடியன். எனக்குத் திறப்புக் கோர்வை மட்டும்.

போன நத்தாருக்கு மற்றச் சபையில் இருந்து தொலைபேசி. நூறு பேருக்குச் சமையல், பெரிய கிடாரம் இருக்கிறதா என்று. இருந்தது. சபைக் காசில் 1997 இல் வாங்கியது, 85 டொலர், கொப்பியில் இருக்கிறது. காரின் பின்சீற்றில் வைத்துக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தது அந்த அண்ணை. தலை முழுக்க நரைத்துவிட்டது. இரண்டு பேருமாகக் கிடாரத்தைத் தூக்கிக் குசினிக்குள் வைத்தோம்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா. தேத்தண்ணி ஊத்தியிருக்கு" என்றார்.