ராஜா சாஹிபும் எங்கப்பாவும்

2025 மே மாதம் லீவில் சென்னை போயிருந்தோம். லக்னோ வெயிலில் இருந்து தப்பிக்க சென்னைக்குப் போன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும் :-) ஒரு நாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போகும் வழியில், காமராஜர் சாலையில் மாநிலக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் சிலையைப் பார்த்து என் மகள் கேட்டாள்.

"அப்பா, இது வி.பி.சிங் தானே? இவருக்கு எதுக்கு இங்க சிலை?"

நியாயமான கேள்வி. அவள் வளர்ந்தது முழுக்க வடக்கே. பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் மண்டல் பற்றிப் படிக்கிறாள். லக்னோவில் அவளுடைய தோழிகள் வீட்டில் அந்தப் பெயரை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "நாட்டை உடைத்தவன்" என்பது அதில் மரியாதையான வார்த்தை.

சிலையைத் திறந்தது 2023 நவம்பர் 27-ல். முதல்வர் ஸ்டாலின் திறந்தார், உத்தரப்பிரதேசத்தில் இருந்து அகிலேஷ் யாதவ் வந்திருந்தார், வி.பி.சிங் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். அன்று நான் லக்னோவில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்த ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கே அவரைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒரு கை போதும்.

எங்களுக்குச் சங்கரன்கோவில். அப்பாவுக்குத் தையல் கடை. 1990-ல் எனக்குப் பதினோரு வயது. காலையில் பக்கத்து டீக்கடையில் இருந்து பேப்பரை வாங்கி வந்து மெஷினில் காலை வைத்தபடி சத்தமாக வாசிப்பார். ஆகஸ்ட் 7 அறிவிப்புக்கு அடுத்த நாள் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம ஆளு இல்ல. ஆனா நமக்குச் செஞ்ச ஆளு."

நம் ஊரில் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு ஒன்றும் புதிதில்லை. நீதிக் கட்சி காலத்தில் இருந்தே ஏதோ ஒரு வடிவில் இருந்தது. ஆனால் அதெல்லாம் மாநில அரசு வேலைக்கு. மத்திய அரசு, பாங்க், ரயில்வே என்றால் கதவு சாத்தித்தான் இருந்தது. மண்டல் அறிக்கை 1980-லேயே கொடுத்தாகிவிட்டது. பத்து வருஷம் அலமாரியில் தூங்கியது. அதை எடுத்து 27 சதவீதம் என்று அறிவித்தவர் ஓர் உத்தரப்பிரதேச ராஜபுத்திரர், மாண்டா ஜமீனின் ராஜா.

அதுமட்டுமா? காவிரி நடுவர் மன்றம் அமைத்தது 1990 ஜூனில், அவர் ஆட்சியில்தான். அமைதிப்படை இலங்கையில் இருந்து திரும்பி முடித்தது அந்த வருஷம் மார்ச்சில். இத்தனைக்கும் 1989 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் திமுகவுக்கு ஒரு சீட் கூட கிடைக்கவில்லை. அப்படியும் முரசொலி மாறனைக் காபினெட் மந்திரி ஆக்கினார். பதினோரு மாத ஆட்சி. அதில் நமக்கு இவ்வளவு. அப்புறம் ஏன் சிலை வைக்க மாட்டோம்?

சரி, அலகாபாத்துக்கு வருவோம். (அப்போது அதுதான் பெயர். பிரயாக்ராஜ் ஆனது 2018-ல்.)

2003-ல் பாங்கில் பி.ஓ.வாகச் சேர்ந்தேன், ஓபிசி ஒதுக்கீட்டில். இந்த வரியை எழுத எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 2007-ல் அலகாபாத் கிளைக்கு மாற்றல். சேர்ந்த முதல் வாரமே ஹெட் கேஷியர் கேட்டார், "நீங்கள் ஐயரா?" நெற்றியில் விபூதி, டிபன் பாக்ஸில் தயிர்சாதம், மதராசி ஆபீசர். அவர் கணக்கில் விடை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த நாளில் இருந்து நான் "பண்டிட்ஜி". மூன்று வருஷமும் பண்டிட்ஜிதான்.

அந்த ஹெட் கேஷியரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். எனக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர், மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் எடுத்து வந்தவர். 1990-ல் அலகாபாத் பல்கலைக்கழக ஹாஸ்டலில் இருந்து சிவில் சர்வீஸுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பாதிப் பேர் அதற்குத்தான் படிப்பார்கள். வருஷக்கணக்காக ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே கனவு. ஆகஸ்டில் அந்த அறிவிப்பு வந்ததும் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். செப்டம்பரில் டெல்லியில் ராஜீவ் கோஸ்வாமி என்ற மாணவர் தீ வைத்துக்கொண்டார். அவர் பிழைத்தார், பின்னால் வந்த சிலர் பிழைக்கவில்லை. "எங்கள் ஹாஸ்டலில் அந்த மாதம் யாருமே சாப்பிடவில்லை பண்டிட்ஜி" என்பார். கண் கலங்கிவிடும்.

ஆனால் இதே மனிதர் 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் வி.பி.சிங்குக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். போஃபர்ஸ் விவகாரத்தில் ராஜீவை எதிர்த்து வெளியே வந்து நின்ற தேர்தல் அது. "ராஜா நஹி ஃபகீர் ஹை, தேஷ் கி தக்தீர் ஹை" என்பது கோஷம். ராஜா அல்ல, ஃபகீர், தேசத்தின் தலையெழுத்தே இவர்தான் என்று. இரண்டு வருஷம் கழித்து அதே மெட்டில் "ராஜா நஹி ரங்க் ஹை, தேஷ் கா கலங்க் ஹை." தேசத்தின் களங்கம். இரண்டையும் நான்தான் கத்தினேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார், அதில் ரொம்ப சந்தோஷம் இருக்காது.

காஷ்மீரையும் சொல்வார்கள். 1989 டிசம்பரில் உள்துறை மந்திரி மகளைக் கடத்தியபோது தீவிரவாதிகளை விடுவித்தது, அடுத்த மாதமே பண்டிட்டுகள் பள்ளத்தாக்கை விட்டு ஓட நேர்ந்தது. தேவிலாலை மந்திரி சபையில் இருந்து நீக்கிய ஒரே வாரத்தில் மண்டல் வந்ததால் அது சமூக நீதியே இல்லை, வெறும் கணக்கு என்பார்கள். கணக்கு இருந்திருக்கும், அரசியல்வாதிதானே. ஆனால் கணக்குப் போட்டவருக்குக் கிடைத்தது என்ன என்று பார்த்தால் நஷ்டக் கணக்குதான். மூன்று மாதத்தில் ஆட்சி போயிற்று. மண்டலால் பலன் பெற்ற பிற்படுத்தப்பட்டவர்கள் அங்கே முலாயம் சிங் பின்னால் போனார்கள். எங்கள் கிளை தஃப்தரி, அவர் குர்மி சாதி, ஒரு தடவை சொன்னார்: "ராஜா சாஹிப் நல்லது செய்தார். ஆனால் அவர் தாக்கூர் ஆயிற்றே." அவ்வளவுதான். சொந்தச் சாதிக்குத் துரோகி, அடுத்த சாதிக்கு அந்நியர்.

எங்கள் தொழிலில் அவர் மேல் இன்னொரு கோபமும் உண்டு. 1990 விவசாயக் கடன் நிவாரணத் திட்டம். பத்தாயிரம் ரூபாய் வரை தள்ளுபடி. கட்டியவன் முட்டாள், கட்டாதவன் புத்திசாலி என்ற எண்ணத்தைக் கிராமத்தில் விதைத்துவிட்டார் என்று பழைய மேனேஜர்கள் பொருமுவார்கள். அதில் நானும் அவர்கள் கட்சிதான். அதே ஆள் நிதி மந்திரியாக 1986-ல் மாட்வாட் கொண்டுவந்தார், இன்றைய ஜிஎஸ்டிக்கு அதுதான் பாட்டன். பி.காம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2008 நவம்பர் 27, வியாழக்கிழமை. மும்பைத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. எல்லா டிவியிலும் தாஜ் ஹோட்டல். அன்றுதான் வி.பி.சிங் இறந்தார். கீழே ஓடும் எழுத்தில் ஒரு வரியாக வந்து போனது. ராத்திரி அப்பா போன் செய்தார்.

"ஏல, விபி சிங் ஊருலதான இருக்க? அங்கதான் கொண்டு வாராங்களாம். நம்ம வீட்டு சார்பா ஒரு மாலை போட்டுட்டு வா."

"சரிப்பா" என்றேன்.

சனிக்கிழமை கங்கைக் கரையில் தகனம். எங்களுக்கு அரை நாள்தான். போயிருக்கலாம். கேஷ் டாலி ஆகி மூன்று மணிக்கு வெளியே வந்துவிட்டேன். டீக்கடையில் ஹெட் கேஷியர் நின்றிருந்தார். "எங்கே பண்டிட்ஜி, வீட்டுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்கே போய்விட்டேன்.

அடுத்த நாள் அப்பா கேட்டார். "போட்டேன்ப்பா, நல்ல கூட்டம்" என்றேன். அவர் அதை சங்கரன்கோவில் டீக்கடை முழுக்கச் சொல்லியிருக்கிறார். 2011-ல் அவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்த ஒருவர், "விபி சிங்குக்கு மாலை போட்ட பையன் நீதானப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் அந்தச் சிலையைப் பார்த்தபடி மகளிடம் சொன்னேன், கோட்டாவில் சேர்ந்தது உட்பட. அவளுக்கு அது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை. அப்பா பாங்க் ஆபீசர் என்பதால் அவள் கிரீமி லேயர், விண்ணப்பத்தில் ஜெனரல் என்றுதான் போடுகிறோம். அது சரிதான், என் இடம் இப்போது வேறொரு தையல்காரர் பிள்ளைக்குப் போகட்டும்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த கேஷியர் அங்கிள் இப்ப எங்கப்பா?" என்று கேட்டாள்.

ரிடையர் ஆகி அலகாபாத்தில்தான் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்வார்.

"இன்னமும் பண்டிட்ஜின்னுதான் கூப்பிடுறாரா?"

ஆமாம் என்றேன்.