பீடத்தின் முன் சொன்ன ஓம்

பெப்ரவரி 3
மாவட்ட நீதிமன்றத்தின் முடிவான கட்டளை வந்துவிட்டது. மூன்று மாதம் இடைக்காலத் தீர்ப்பாகக் கிடந்தது இன்று முழுமை. சட்டப்படி நான் தனியாள். அம்மா கடதாசியைத் தொடக்கூட இல்லை. "கோயில்ல கட்டினத கோட்டுல அறுக்க ஏலுமா புள்ள?" என்றா.

பெப்ரவரி 12
பாதரிடம் கேட்டேன். விவாகரத்து ஆனதற்காக நன்மை வாங்கத் தடையில்லை. இன்னொருவரைக் கட்டுவதென்றால்தான் முதல் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் சொல்லவேண்டும். எனக்கு அந்த எண்ணமில்லை. ஆனாலும் மனுப்போடுவேன். அன்றைக்குப் பீடத்தின் முன் சொன்ன "ஓம்" என்னுடையதுதானா என்று யாராவது விசாரித்துச் சொல்லட்டும்.

பெப்ரவரி 27
மனுவை எழுத உட்கார்ந்தால் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரைதான் வருகிறது. புலிகள் இயக்கம் பிளந்து, 2004 ஏப்ரலில் வெருகல் சண்டை முடிந்தபின், இயக்கத்திலிருந்து வீடு திரும்பியிருந்த பிள்ளைகளைக் கொண்டுபோக மறுபடி வந்தார்கள். தாலி ஏறினவளைக் கொண்டுபோகமாட்டார்கள் என்று ஊர் நம்பியது. எனக்குப் பதினெட்டு முடிந்த கிழமையே பேசி முடித்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை கூறவும் பொறுக்காமல் விலக்கு வாங்கினார்கள். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அம்மா அழுதா, அவ்வளவுதான்.

திருச்சபைச் சட்டம் 1103ஐப் பாதர் விளங்கப்படுத்தினார். வெளியிலிருந்து வந்த கடும் அச்சத்துக்குத் தப்ப வேறு வழியின்றிக் கட்டிய கலியாணம் செல்லாது. கலியாணத்தை நினைத்து யாரும் பயமுறுத்தியிருக்கத் தேவையில்லை. உரோமாபுரியில் இதை எழுதியவர்களுக்கு எங்கள் ஊரை எப்படித் தெரிந்தது?

மார்ச் 1
நித்திரை இல்லை.

மார்ச் 9
"அப்ப நான்?" என்றாள் மகள். செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே, 1137 அப்படித்தான் சொல்கிறது என்றேன். அவள் சட்டத்தையா கேட்டாள்? "அப்பாவ ஒரு நாளும் பிடிக்கலையாம்மா?" நான் காய்ச்சலாய்க் கிடந்தபோது அவர் இரவிரவாக முழித்திருந்ததைச் சொன்னேன்.

ஏப்ரல் 18
ஒத்த இரண்டு தீர்ப்புகள் வேண்டும் என்ற விதியைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் எடுத்துவிட்டார். முன்போல இழுபடாதாம். ஆனாலும் திருமணப் பந்தத்தின் காவலர் என்று ஒருவர் இருப்பார். கலியாணம் செல்லும் என்பதற்குச் சொல்லக்கூடியதையெல்லாம் சொல்வது அவர் கடமை. சந்தேகம் மிஞ்சினால் கலியாணம் நிற்கும். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காய்ச்சல் கதையை அவர் கேட்டால் மறைக்கமாட்டேன்.

மே 2
அம்மாதான் சாட்சி. என்ன சொல்வா என்று கேட்டேன். "அவனுக்கும் பத்தொன்பதுதானே. அவன்ட தாய் நம்மட வாசல்ல வந்து அழுதுகொண்டு நிண்டா. மறுகா எங்க யோசிக்கிற?"
இதை இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

மே 6
எதிர்மனுதாரர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். அவருடைய பயத்தையும் நானே எழுதலாமா, அவர்தான் வந்து சொல்லவேண்டுமா? பாதர் ஆயித்தியமலைக்குப் போய்விட்டாராம். திங்கட்கிழமை வரச்சொன்னார்கள்.