மூன்று கணினிகளும் ஒரு தோள்பையும்

தைப்பிங்கில் இன்று எத்தனை மணிக்கு மழை இறங்கும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் நனையும் ஊர்களில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. ரயில் நிலையத்திலிருந்து அக்கா வீட்டுக்கு நடக்கும் வழியில் குடை என்னைக் காக்கும். முதுகில் துருத்தி நிற்கும் பெரிய பையைக் காக்காது. 16 அங்குல மடிக்கணினியை வாங்க ஆசைப்படுகிறவர்கள் கடைவிளக்கின் கீழ் திரையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பையைப் பார்க்கிறேன்.

சர்வர் பராமரிப்பு என் பிழைப்பு. வாடிக்கையாளரின் சர்வரில் கைவைக்கும் முன், அதே அமைப்பை என் மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினிகளாக (வி.எம்.) எழுப்பி ஓட்டிப் பார்த்துவிடுவேன். ஒரு லினக்ஸ் சர்வர், ஒரு தரவுத்தளம், ஒரு விண்டோஸ், மூன்றும் ஒரே பெட்டிக்குள். எதைக் கெடுத்தாலும், முன்பே எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிக்கொள்ளலாம். இதையெல்லாம் மேகக் கணினியில் செய்யலாமே என்பார்கள். கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் வந்து பார்த்தால் தெரியும். பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் புக்கிட் பெராபிட் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே போனதும் இணைய இணைப்பு அறுந்துபோகும். என் வி.எம்.கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ரயிலில்தான் அளவின் அருமை புரிந்தது. முன் இருக்கைக்காரர் சாய்ந்ததும், அவர் இருக்கைக்கும் மடக்கு மேசைக்கும் நடுவே 14 அங்குலத் திரை தட்டுத்தடுமாறி நிற்கும். 16 அங்குலம் என்றால் பாதி மூடிய நிலையில்தான் தட்ட வேண்டும். எடையிலும் வேறுபாடு உண்டு. 14 அங்குலம் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். 16 அங்குலத்தில் பல இரண்டைத் தாண்டும், கனமான சார்ஜர் வேறு.

அப்படியென்றால் 13 அங்குலமே போதாதா? மின்னஞ்சலும் கட்டுரையும் எழுதுகிறவருக்குத் தாராளமாகப் போதும். வி.எம். ஓட்டுகிறவருக்கு வெப்பம் இடைஞ்சல். மெல்லிய உடலில் விசிறி சிறியது, சிலவற்றில் விசிறியே இல்லை. மூன்று இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் அப்டேட் ஆகும்போது செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தைப்பிங் பிற்பகலில், குளிர்சாதனம் இல்லாத ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்தால், விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைத்தாலே தெரிந்துவிடும். 14 அங்குல உடலில் நல்ல விசிறிக்கும் காற்றுவழிக்கும் இடம் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் நினைவகம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி, நிம்மதியாக ஓட 8 வேண்டும். தரவுத்தளத்துக்கு 4, வரைகலைத் திரை இல்லாத லினக்ஸுக்கு 2. இவற்றைச் சுமக்கும் தாய்க்கணினிக்கு இன்னொரு 6 அல்லது 8. 16 ஜிபி அங்கேயே தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் கணினி எஸ்எஸ்டியைக் கடனாக எடுக்கத் தொடங்கும், எல்லாம் ஊர்ந்துபோகும். ஆகவே 32 ஜிபி. திரையைப் போகிற இடத்தில் இரவல் வாங்கலாம். அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகினால் எனக்குச் சுவரளவு திரை. நினைவகத்தை எந்த ஊரிலும் யாரும் இரவல் தரமாட்டார்கள்.

ஆப்பிள் விரும்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2020 முதல் வந்த எம் வரிசை மேக்புக்குகள் குளிர்ச்சியானவை, பேட்டரியும் நீடிக்கும். ஆனால் அவற்றில் ஆர்ம் வகை இயங்குதளங்களே மெய்நிகராக வேகமாக ஓடும். இன்டெல் செயலிக்காக எழுதிய பழைய சர்வரை அதில் எழுப்ப நினைத்தால் பொறுமை வேண்டும்.

அக்கா மகள் இந்த ஆண்டு கணினி வலையமைப்பு படிக்கத் தொடங்குகிறாள். கோலா செபாத்தாங்குக்கு அவளைக் கூட்டிப்போனேன். 1885-இல் மலாயாவின் முதல் ரயில்பாதை வெள்ளீயம் சுமந்து தைப்பிங்கிலிருந்து போய்ச் சேர்ந்த துறைமுகம் அது. தண்டவாளம் போய்விட்டது. ஊரின் பழைய பெயரான போர்ட் வெல்ட் என்பதைத் தாங்கிய பலகை, அதில் தமிழும் சேர்த்து, இன்னும் நிற்கிறது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று, "மாமா, 16 இன்ச்னா நாலு விண்டோ ஒண்ணாத் திறக்கலாம்ல?" என்றாள்.

"வீட்டுலயே வெச்சிருக்கிறதுன்னா அதையே எடும்மா. நீ வாராவாரம் ஈப்போவுக்குப் பஸ் ஏறப்போறே."

திரும்பும் வழியில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். 14 அங்குலத்திலேயே இரண்டை எடுத்து வைத்தார் கடைக்காரர். மெல்லியதும் மலிவானதுமான ஒன்றில் 16 ஜிபி தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது, பின்னாளில் கூட்ட வழியில்லை. இரண்டாவது கொஞ்சம் தடிமன். "அண்ணே, இதுல ரேம் சேர்க்கலாமா?" என்று அவளே கேட்டாள். அவர் அடிமூடியின் திருகுகளைக் கழற்றிக் காட்டினார். ஓர் இடம் நிரம்பியிருந்தது, பக்கத்திலேயே இன்னொன்று காலி. அங்கேயே இன்னொரு 16 ஜிபியைப் போட்டுத் தரச் சொன்னேன்.