வேதநாயக சாஸ்திரியார்: குடும்பம் காத்த பாட்டும் காப்பகம் காத்த மனுவும்

புணேயை அடுத்த லோஹேகாவ் இன்று விமானப்படைத் தளத்தால் அறியப்படுகிறது. மராத்தி பக்தி மரபிலோ அது துக்காராமின் தாய் பிறந்த ஊர். அவரே வந்து கீர்த்தனம் செய்த ஊர். இதே புணேயை ஜாகீராகக் கொண்டிருந்த ஷாஹாஜி போன்ஸ்லேயின் மகன் ஏகோஜி, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் மராத்தியர் ஆட்சியை நிறுவினார். அவ்வழியில் வந்த இரண்டாம் சரபோஜியின் அவைப்புலவர்களுள் ஒருவர் கிறிஸ்தவர். அவருடைய கீர்த்தனைகளைத் தமிழில் வழிபடும் சபைகள் எங்கிருந்தாலும் பாடுகின்றன. புணேயும் அதற்கு விலக்கன்று. அவர்தாம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்தார். சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் அரவணைப்பில் கல்வி பெற்றவர். பின்னர்த் தரங்கம்பாடியில் ஹாலே மிஷனரிகளிடம் பயின்ற வேதநாயகர், இருபது வயதை ஒட்டித் தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியப் பொறுப்பேற்றார். 1800ஐ ஒட்டி அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, குறி சொல்லும் குறத்தியையும் பறவை பிடிக்கும் சிங்கனையும் கிறிஸ்தவ உருவகங்களாக மாற்றியது. தரங்கம்பாடியில் கற்ற புவியியலும் கொப்பர்னிக்கஸின் வானியலும் அதில் இடம்பெறுகின்றன. கோயிலில் ஆடப்பட்ட ஓர் இலக்கிய வடிவம், சூரியனைப் பூமி சுற்றுகிறது என்னும் செய்தியையும் தாங்கி நிற்பதை இந்திரா விசுவநாதன் பீட்டர்சனின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் இந்நூலை ஒற்றை வரியில் கடந்துபோவது வியப்பே.

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். அடுத்த தலைமுறை மிஷனரிகளோடு வேதநாயகருக்கு ஒத்துப்போகவில்லை. 1820களில் அவர் 'நான்கு கொடுமைகள்' என்று வகுத்து எழுதிய முறையீடே அவரை அறிய முதன்மையான ஆவணம். பப்ரிசியுஸின் வேதமொழிபெயர்ப்பை நீக்கிப் புதிய திருத்தத்தைப் புகுத்துவது. பல சாதியாரையும் கலந்து அமரச் செய்வது. திருமணம் முதலியவற்றில் பூவைத் தடுப்பது. தமிழ்ப் பாடல்களை வழிபாட்டிலிருந்து அகற்றுவது. இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்தார் அவர்.

இன்றைய வாசகர் மூன்றில் அவர் பக்கம் நிற்பார், ஒன்றில் திகைப்பார். பூவும் பாட்டும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு உரியவை என்று வாதாடிய அதே நாவு, வேளாளர் தனித்து அமர்வதும் நற்கருணையில் முந்துவதும் உலகியல் வழக்கமே என்றும் வாதாடியது. இரண்டையும் பிரித்து, முன்னதை மரபுப்பற்று என்றும் பின்னதைக் காலத்தின் குறை என்றும் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவருக்கு அவை ஒரே வாதம்: விசுவாசத்தை ஏற்றவன் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பது. அவ்வழக்கத்தின் சுமையைத் தாங்கிய ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் அதே ஆலயத்தில் மறுபுறம் அமர்ந்திருந்தனர். பூவை இழப்பதும் மறுபுறத்திலேயே இருத்தப்படுவதும் அவர்களுக்கு எப்படி ஒன்றாக முடியும்?

1829இல் மிஷன் பணி கைநழுவியது. சரபோஜி அவரை அவைப்புலவராக ஏற்றார். பிற தெய்வத்தைப் பாடுமாறு அரசர் பணித்தபோது மறுத்துவிட்டார் என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மிஷனரிகளுக்கு வளையாதவர் மன்னருக்கும் வளைந்திருக்க மாட்டார் என்று அதை நம்ப இடமுண்டு.

1832இல் சரபோஜி மறைந்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென ஆணையிட்டார். 1855இல் தஞ்சை அரசே கும்பினியின் கைக்குப் போயிற்று. இத்தனைக்குப் பின்னும் சாஸ்திரியார் இருந்தார். சுவார்ட்ஸுக்குப் பின் 66 ஆண்டுகள், சரபோஜிக்குப் பின் 32 ஆண்டுகள். 1864 சனவரியில், 90ஆம் வயது நடக்கையில், காலமானார். தம்மை வளர்த்தவரும், ஆதரித்தவரும், எதிர்த்தவருட் பலரும் மறைந்த பிறகும் வாழ்ந்த அம்முதியவரின் வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு மக்களிடமும் பேரரிடமும் வந்து சேர்ந்தது.

அவர்கள் அதைச் செவ்வனே செய்தனர். 'சாஸ்திரியார்' என்னும் பட்டம் தலைமுறைதோறும் கைமாறியது. கதாகாலட்சேபமும் கீர்த்தனையும் குடும்பத் தொழிலாகவும் ஊழியமாகவும் தொடர்ந்தன. குடும்ப நினைவில் அவர் சுவிசேடக் கவிராயர், செபத்தில் நிலைத்தவர், மன்னருக்கு முன் தளராதவர். அதில் பொய்யில்லை. சாதி குறித்த முறையீடுகளோ மேடையேறவில்லை. அவர்தம் கையெழுத்துப் படிகள் பல பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகத்தில் உள்ளன. டென்னிஸ் ஹட்சன் போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய ஆவணங்களைப் படித்து எழுதிய பின்பே, பாடியவரும் முறையிட்டவரும் ஒரே மனிதராக ஆய்வுலகிற்குத் தெரியவந்தனர். பாடுகிறவர்கள் அம்முறையீடுகளைப் படிப்பதில்லை. படிக்கிறவர்களுட் பலருக்கு அப்பாடல்களின் மெட்டுத் தெரியாது.