இன்னைக்கு எடுத்த ரத்தம்

எங்க அப்பா ஸ்டோர்ல ட்ரையருக்கு முன்னால நின்னு 22 வருசம். பசறைப் பக்கத்துல ஒரு தோட்டம், பேரு வேணாம். புளிச்ச கொழுந்து ஒரு பக்கம் உள்ள போகும், ஏறக்குறைய 20 நிமிசத்துல மறுபக்கம் கறுத்த தேயிலையா வரும். அப்ப அதுல ஈரம் 3 சதவீதமளவுதான் இருக்கணும். சூடு கூடிட்டா கருகல் வாசம். குறைஞ்சிட்டா உள்ளயே அவிஞ்ச மாதிரி ஆகி, கோப்பையில ஒண்ணுக்கும் உதவாது.

முந்தியெல்லாம் அப்பா வாய்ப்பக்கம் விழுற தேயிலையைக் கையில அள்ளி மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்துத்தான் அடுப்புக்காரருக்குச் சத்தம் போடுவார். அதுல ஒரு சிக்கல் இருக்கு. கையில இருக்கிறது 20 நிமிசத்துக்கு முன்னால உள்ள போன தேயிலை. அது கெட்டிருந்தா, பின்னால வர்றதும் கெட்டுக்கிட்டே வருதுன்னு அர்த்தம். இப்ப வெளியேறுற சூட்டுக் காத்துலயே ஒரு கம்பியைச் சொருகி, பெட்டியொன்னுல இணைச்சிருக்காங்க. காத்து ஆறத் தொடங்கினதுமே பெட்டி கொழுந்து போற வேகத்தைக் குறைச்சிடும். அப்பாவுக்கு அதுமேல கொஞ்சம் பொறாமைதான். கச்சான் காத்து வீசுற மாசங்கள்ல, ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை வர்ற நேரத்துல, பெட்டியை நம்பாம இன்னமும் அள்ளி முகர்ந்து பார்க்கிறார். வேலைக்கு ஏற முந்தி ரோதைமுனிக்கு ஒரு கும்பிடும் உண்டு.

இதை எழுதக் காரணம் என் பெரியம்மா மகன். கொழும்புல கடையொன்னுல நிக்கப் போனவர், குடு பழகி வந்தார். அப்புறம் ஐஸ். நம்ம நாட்டுல ஹெரோயின் எடுக்கிறவங்க பெரும்பாலும் புகையாத்தான் இழுப்பாங்க. புகையால எச்.ஐ.வி வராது. அதனாலயே எங்க லயத்துல யாரும் அதைப் பத்தி நினைச்சதில்லை. ஆனா ஒரு நாள் ராத்திரி அண்ணன், கெம்பஸ்ல இருந்து லீவுக்கு வந்திருந்த என்கிட்ட மட்டும் சொன்னார். ரெண்டு தடவை ஊசி. மூணு பேரு, ஒரே ஊசி.

ஊசிக்குள்ள தங்குற ரத்தம் நேரா அடுத்தவர் நரம்புக்குப் போகுது, அதுதான் பயம். மணிப்பூர்ல நடந்ததை வாசிச்சிருந்தேன். 1989 செப்டம்பர் வரைக்கும் அங்க ஊசி போடுறவங்களைச் சோதிச்சப்ப ஒருத்தருக்கும் எச்.ஐ.வி இல்லை. அடுத்த ஆறு மாசத்துல சோதிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு இருந்துச்சு. இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலா 1987ல கண்டுபிடிச்சாங்க. இன்னமும் நம்ம நாட்டுல தொகை குறைவுதான். மணிப்பூர்லயும் அந்த செப்டம்பர்ல பூச்சியம்னுதான் எழுதி வச்சிருந்தாங்க.

பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போக எனக்கு ரெண்டு கிழமை ஆச்சு. அண்ணனுக்கு வியாதியை விட பொலிஸ் பயம். 2023 டிசம்பர்ல யுக்திய தொடங்கினதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில பேரு குடுத்தாலே வீட்டுக்கு ஜீப் வரும்னு நம்புறார். அப்படி நம்புறவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனா அங்க காசும் கேட்கல, கடிதமும் கேட்கல. ஒரு இலக்கம் குடுத்தாங்க. மிஸ் எங்க பாசையிலயே பேசினாங்க.

முடிவு நெகட்டிவ். அண்ணன் அழுதுட்டார். நானும் சந்தோசமா எழும்பப் போனேன். “இருங்க தம்பி, கடைசியா ஊசி போட்டது எப்ப?”ன்னு கேட்டாங்க. அஞ்சு கிழமை. அப்ப இது முழுப் பதில் இல்லைன்னாங்க. கிருமி உள்ள வந்தாலும் ரத்தத்துல அடையாளம் காட்ட நாள் எடுக்கும், மூணு மாசம் முடிஞ்சதும் இன்னொரு தடவை வரணும். 72 மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா 28 நாள் மருந்து குடுத்துத் தடுத்திருக்கலாம், இனி அதுக்கு வழியில்லைன்னும் சொன்னாங்க. அந்த 72 மணித்தியாலத்தை எங்க ஸ்கூல்ல யாராவது சொல்லித் தந்தாங்களான்னு யோசிச்சுப் பார்த்தேன். இல்லை.

பஸ்ல வரும்போது எனக்கு ட்ரையர்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. நாம அள்ளி முகர்ந்தது பழைய தேயிலை.

அப்பாக்கிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு, பஸ் காசு கேட்டதுல மாட்டிக்கிட்டேன். கோபப்படுவார்னு நினைச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, “சரி, அந்தத் திகதி வரைக்கும் அவன் திரும்ப ஊசியைத் தொடாம யாரு பார்த்துக்கிறது?”ன்னு மட்டும் கேட்டார். பெரியம்மா மலைக்குப் போயிடுவாங்க. நான் கெம்பஸ் திரும்பணும். அடுத்த நாள்ல இருந்து அண்ணனை விறகு அடுக்குற வேலைக்கு ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போறார்.

ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவுக்கு கோல் எடுத்தா பின்னால மெசின் சத்தம் கேட்கும். “இருக்கானா?”ன்னு கேட்பேன். “இருக்கான்”னு சொல்வார். இன்னும் 19 நாள் இருக்கு.